சீக்வென்சருக்குப் பக்கத்தில் ஒரு டிரம்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். பாடகர் குரலே இல்லாத ஓர் இசைத்தட்டைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஜெர்மனியின் டேன்ஜரின் ட்ரீம் குழு 1979-ல் வெளியிட்ட ‘ஃபோர்ஸ் மஜூர்’. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதல் உருப்படி மட்டுமே சுமார் 18 நிமிடம்.

இதில் அடிநாதமாக ஓடுவது சீக்வென்சர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சில ஸ்வரங்களை வரிசையாக அமைத்துக் கொடுத்துவிட்டால், நிறுத்தும் வரை அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கவைக்கும் கருவி, அவ்வளவுதான். அதற்குக் கை வலிக்காது. காலப்பிரமாணம் ஓடாது, இழுக்காது. ‘அப்படியானால் அதில் உயிர் எங்கே?’ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இந்தக் குழுவின் முந்தைய தட்டான ‘ஃபீட்ரா’ உருவான கதையைத்தான்.

1973-ன் கடைசி மாதங்கள். இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருந்த மேனர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இதே குழுவினர். சீக்வென்சர் கொடுக்கும் ஸ்வரங்களை மின்சாரத்தால் ஒலியாக்கும் கருவிதான் சிந்தசைசர். அந்தக் காலத்து சிந்தசைசருக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே சூடு ஏற ஏறச் சுருதி நகரும். வெயிலில் வைத்த மிருதங்கம் மாதிரி. குழுவில் ஒருவரான கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே சீக்வென்சரை ஓடவிட்டிருக்கிறார், சுருதி நழுவுகிறது. நிறுத்தவில்லை, ஓட ஓடவே குமிழைத் திருகிச் சுருதி சேர்க்கப் பார்க்கிறார். டேப்போ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவையே 1974-ல் தட்டில் வெளியிட்டார்கள்! இன்றைக்கும் கேட்கலாம், அடியில் ஓடும் அந்த ஒலி மெல்ல இடம் மாறுவதை. கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள். இயந்திரத்தோடு ஒரு மனிதர் மல்லுக்கட்டுவது அப்படியே பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஃப்ராங்கே முதலில் டிரம்ஸ் வாசித்தவர். சீக்வென்சரை அமைத்தது தாளம் பழகிய கை. அவருடைய வரிசைகள் நம்மைக் காலால் தாளம் போட வைப்பது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது ‘ஃபோர்ஸ் மஜூர்’. அதற்கு முந்தைய ஆண்டு ‘சைக்ளோன்’ தட்டில் குரல் சேர்த்துப் பார்த்தார்கள். அடுத்த தட்டில் குரலை விட்டுவிட்டு, டிரம்ஸ் வாசித்த க்ளாவுஸ் க்ரூகரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிகச் சரியான முடிவு. சீக்வென்சர் இம்மியும் பிசகாமல் ஓடுகிறது; பக்கத்திலேயே மனிதக் கை டிரம்ஸ் அடிக்கிறது. ஒரு சுற்றில் அழுத்தம், அடுத்த சுற்றில் கொஞ்சம் தளர்வு. இயந்திரம் மாறாமல் இருப்பதால்தான் அந்தக் கை மாறுவது நம் காதில் விழுகிறது. முதல் தடவை சீக்வென்சரை மட்டும் கவனியுங்கள், அடுத்த தடவை டிரம்ஸை மட்டும். தட்டு ஒன்றுதான், ஆனால் கேட்பது வேறாக இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். குழுவில் கிட்டார் வாசித்த எட்கர் ஃப்ரோஸேயின் வாசிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது உருப்படி ‘க்ளவுட்பர்ஸ்ட் ஃப்ளைட்’ ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். 12 தந்தி கிட்டாரில் மெதுவாகத் தொடங்கி, சிந்தசைசர்கள் சேர்ந்து, எலெக்ட்ரிக் கிட்டார் ராக் இசையாகவே வெடிக்கும். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். மூன்றாவதன் பின்பாதி முழுக்க சீக்வென்சர் ராஜ்யம். ஹெட்ஃபோன் இருந்தால் அதில் கேளுங்கள். வணக்கம்.