சுவருக்குப் பின்னால் பேசுகிறவர்கள்

அவைக்கு வணக்கம்.

மேடைக்கு வலப்புறம், அந்தச் சுவருக்கு அப்பால் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நிலத் தகராறு ஒன்றைச் சொல்கிறார், மற்றவர் ‘உம்’ கொட்டுகிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் என்னைப் பார்த்தபடியே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை, எனக்கும் அதில் ஆர்வம் வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி. அவர்கள் பேச்சு கதவு வழியாக வளைந்து வந்து நம் காதில் விழுகிறது. முகம் மட்டும் ஏன் வளைந்து வரவில்லை? ஒலியும் அலை, ஒளியும் அலை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

அலை என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். கதிர் முற்றிய நெல்வயலில் காற்று வீசும்போது இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஏதோ ஒன்று ஓடுகிறது. ஓடுவது நெல் அல்ல. ஒவ்வொரு கதிரும் வேர்விட்ட இடத்திலேயே நின்று தலையைச் சாய்த்து நிமிர்கிறது. அசைவுதான் ஓடுகிறது. ஒலியும் அப்படியே. என் வாயிலிருந்து கிளம்பும் காற்று கடைசி வரிசைக்கு வந்து சேர்வதில்லை. சேர்ந்திருந்தால் மதியம் நான் சாப்பிட்ட வெங்காயப் பச்சடியும் சேர்ந்தே வந்திருக்கும். இடையிலுள்ள காற்று முன்னும் பின்னுமாக நடுங்குகிறது. சாதாரணப் பேச்சில் அந்த நடுக்கத்தின் தூரம் தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதைக்கூடப் பிடித்துவிடுகிறது காது. ஒளிக்கோ நடுங்குவதற்குக் காற்றும் தேவையில்லை. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு வெற்றிடத்திலேயே ஓடிவிடும்.

இனி சுவர். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நானல்ல, நியூட்டன். குன்றுக்கு அப்பால் அடிக்கும் மணியோசை இப்பால் கேட்கிறது, ஒளி அப்படி வளைந்து வருவதில்லை, ஆகவே ஒளி அலையாக இருக்க முடியாது, துகள்தான் என்று வாதிட்டார். சொன்னவர் நியூட்டன் என்பதால் நூறு ஆண்டுகளுக்கு மறுத்துப் பேசப் பலருக்குத் துணிவு வரவில்லை. அவர் கவனித்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் ஓர் அளவு விட்டுப்போயிற்று. அந்த அளவுக்குப் பெயர் அலைநீளம், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்.

கணக்குப் போடுவோம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆண் குரலின் அடித்தளம் நொடிக்கு நூறு அதிர்வு என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 3.4 மீட்டர். நம் கதவின் அகலம் ஒரு மீட்டர். தன்னைவிடச் சிறிய இடைவெளி வழியாக நுழையும் அலை அதற்கப்பால் எல்லாப் பக்கமும் விரியும். ஒளியின் கதை வேறு. ஒரு மில்லிமீட்டருக்குள் பச்சை ஒளியின் அலைகள் ஏறத்தாழ இரண்டாயிரம் அடங்கும். அதற்கு நம் கதவு கதவே அல்ல, பெரிய மைதானம். நேராகப் போய்விடுகிறது. திருவிழா நாளில் நான்கு தெரு தள்ளி நின்றால் நாதஸ்வரம் மங்கித் தவிலின் ‘தொம்’ மட்டும் கேட்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். நெடிய அலை வீடுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது, குறுகிய அலை சுவர்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

எவ்வளவு பெரிய சுவரை அலை சுற்றும்? இதற்கான பதிலை நாம் மிகுந்த துயரத்தோடு கற்றோம். 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவை ஒட்டிக் கடல்தளம் பெயர்ந்தது. எழுந்த அலையின் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். கடலின் ஆழமோ மூன்று, நான்கு கிலோமீட்டர். தன் நீளத்தோடு ஒப்பிட்டால் வங்கக்கடலே அந்த அலைக்கு ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர். அப்படிப்பட்ட அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், ஏறக்குறைய ஜெட் விமானம். பத்து மீட்டர் ஆழத்தில் வெறும் 36. முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது. நடுக்கடலுக்கு மேலே தற்செயலாகக் கடந்த ஒரு செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்ததால் ஆழ்கடலில் படகில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. கரைக்கு வந்தபோது அதுதான் நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் வாரிக்கொண்டு போனது.

ஆனால் நான் சொல்ல வந்தது கேரளத்தை. சுமத்திராவுக்கும் கேரளத்துக்கும் நடுவே இலங்கை சுவராக நிற்கிறது. நியூட்டனின் குன்றைப் போல. கொல்லம் பக்கத்துக் கடலோரம் அந்தச் சுவரின் நிழலில் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அலை தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்தது. ஓரத்தில் குறையும் ஆழமும் தன் பங்குக்கு அதைத் திருப்பிவிட்டது. கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு தீவும் வாசல் தூண்தான்.

சரி, ஒளி வளையவே வளையாதா? 1803இல் லண்டன் மருத்துவர் தாமஸ் யங் இதைச் சோதித்தார். (எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் முயற்சியிலும் இவருக்குப் பங்குண்டு. சிலருக்கு ஒரு வேலை போதுவதில்லை.) சிறு துளை வழியாக வரும் வெயில் கதிரின் நடுவே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அதன் நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருளுமாக வரிகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்தன. அதாவது, இரு பக்கமும் வளைந்து வந்த ஒளி, முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் கூடியது, முகடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இல்லாமல் போனது. ஒளியோடு ஒளியைச் சேர்த்தால் இருட்டு! துகளை வைத்துக்கொண்டு இதை விளக்க அன்று வழியில்லை.

இதன் மறுபக்கம் பலர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொடிப்பொடியாகத் துளையிட்ட உலோகத் தகடு இருக்கும். சூடாக்கும் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், துளையோ ஓரிரு மில்லிமீட்டர். உலோகத்தில் அவ்வளவு சிறிய துளை இருந்தால் அந்த அலை அதைத் துளையாகவே மதிக்காது. ஒளி தாராளமாக வெளியே வரும். உள்ளே சுற்றும் இட்லியை நீங்கள் பார்க்கலாம், நீங்கள் வேக மாட்டீர்கள்.

முடிக்கும் முன் யங் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி, நடுவே மயிரிழை இடுக்கு மட்டும் விட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணுக்கு அருகில் பிடித்து, மேலே எரியும் டியூப் லைட்டைப் பாருங்கள். விளக்கு எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதே திசையில் இடுக்கும் இருக்கட்டும். இடுக்குக்குள் மெல்லிய கருங்கோடுகள் நிற்கின்றனவா? அவை உங்கள் விரலில் இல்லை, விளக்கிலும் இல்லை. தெரியாதவர்கள் விரலை இன்னும் கொஞ்சம் நெருக்குங்கள்.