கைவிடப்பட்டதால் பிழைத்தவை: இரட்டையடுக்குப் போர் விமானங்களைத் தேடி

அவையோருக்கு வணக்கம். நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

கிளாஸ்டர் கிளாடியேட்டர் என்று ஒரு பிரிட்டிஷ் போர் விமானம். 1934 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. நடுவே முட்டுக்கால்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். இறக்கைகளுக்கும் உடம்பின் பின்பாதிக்கும் துணிதான் போர்வை. பைபிளேன் என்று சொல்கிறோமே, அந்த வகையில் பிரிட்டிஷ் விமானப்படை வாங்கிய கடைசிப் போர் விமானம் இதுதான். மொத்தம் 747 செய்தார்கள். சீனா, ஃபின்லாந்து, சுவீடன், நார்வே, பெல்ஜியம், கிரீஸ் என்று பல நாட்டுக் கொடிகளின் கீழ் பறந்தது. இன்று முழு உருவத்தோடு மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற சாப்வித் கேமலின் கதி இன்னும் மோசம். ஏறக்குறைய 5,500 செய்யப்பட்டன; அசலாகத் தப்பியவை பத்துக்கும் குறைவு.

மற்றவை எங்கே போயின? சண்டையில் விழுந்தவை உண்டு, பயிற்சியில் நொறுங்கியவை உண்டு. ஆனால் ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காக முகாமுக்குத் திரும்பி, பதிவேட்டில் ஒழுங்காகக் கணக்கு வைக்கப்பட்ட விமானங்களையும் நம்மால் இன்று பார்க்க முடியவில்லை. அடுத்த மாடல் வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. உலோகத்தை எடைக்குப் போட்டார்கள். மரத்தையும் துணியையும் கொளுத்தினார்கள். காயலான் கடைக்காரர் எதிரியைவிடத் திறமையாக வேலையை முடித்தார். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான்: பத்திரமாக வைக்கப்பட்டவை பெரும்பாலும் அழிந்தன. விழுந்தவை, மூழ்கியவை, எதிரியிடம் சிக்கியவை, ஏதோ ஒரு மூலையில் போட்டு மறக்கப்பட்டவை பிழைத்தன.

நார்வேயில் நடந்ததைக் கேளுங்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. பிரிட்டன் உதவிக்குப் படை அனுப்பியது. விமானம் இறங்கத் தளம் இல்லை. இருந்தவை ஜெர்மானியர் கையில். லெஸ்யாஸ்கோக் என்ற ஏரி உறைந்து கிடந்தது. அதன் மேல் பனியை ஒதுக்கி ஓடுபாதை அமைத்தார்கள். ஏப்ரல் 24 அன்று 263-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவின் 18 கிளாடியேட்டர்கள், குளோரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி அந்தப் பனிக்கட்டியின் மேல் இறங்கின.

விமானத்துக்கு நான்கு துப்பாக்கி என்று கணக்கிட்டால் 72 துப்பாக்கிகள். அவற்றைப் பராமரிக்க அங்கே இருந்த பயிற்சி பெற்ற ஆயுத மெக்கானிக் ஒரே ஒருவர். எஞ்சினைக் கிளப்ப வந்த பேட்டரி வண்டியில் சார்ஜ் இல்லை, ஊற்ற ஆசிட்டும் இல்லை. இரவில் கார்புரேட்டர்கள் உறைந்தன. இறக்கைகளிலும் வாலிலும் அசைய வேண்டிய பாகங்கள் பனியில் இறுகிப்போயின. பொழுது விடிந்ததும் ஜெர்மன் குண்டு விமானங்கள் வந்துவிட்டன. கிளம்ப முடியாமல் நின்ற கிளாடியேட்டர்கள் வரிசையாக எரிந்தன. அன்று மாலைக்குள் மிஞ்சியவை சில. அவையும் ஓரிரு நாளில் தீர்ந்தன. விமானிகள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். இதற்குப் பொறுப்பானவர்கள் திட்டத்தை எந்த மேஜையில் உட்கார்ந்து போட்டார்களோ, அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிச்சயம் கணப்பு எரிந்திருக்கும்.

வெயில் வந்தது, பனி உருகியது, எரிந்த விமானங்கள் ஏரிக்குள் போயின. அங்கேதான் கதை திரும்புகிறது. அதே ஸ்குவாட்ரன் மே மாதம் வேறு கிளாடியேட்டர்களோடு வட நார்வேக்குப் போனது. இந்த முறை நன்றாகவே சண்டையிட்டது. ஜூன் மாதம் பின்வாங்கும்போது மிஞ்சிய விமானங்களைப் பத்திரமாக அதே குளோரியஸ் கப்பலில் இறக்கினார்கள். ஜூன் 8 அன்று ஷார்ன்ஹோர்ஸ்ட், நெய்சனாவ் என்ற இரு ஜெர்மன் போர்க்கப்பல்கள் குளோரியஸை மூழ்கடித்தன. அதனுடனும் துணைக்கு வந்த இரு நாசகாரிக் கப்பல்களுடனும் போன உயிர்கள் 1,500-க்கும் மேல். பாதுகாப்பாக ஏற்றப்பட்ட விமானங்கள் ஆழ்கடலில். ஏரியில் கைவிடப்பட்டவற்றில் ஒன்று, என்-5628 என்ற எண் கொண்டது, 1968-இல் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. இன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதே ஏரிக்கரைக் கூட்டத்தின் இன்னொரு விமானம், என்-5641, செப்பனிடப்பட்டு ஆஸ்லோவுக்கு வடக்கே கார்டர்மோன் அருங்காட்சியகத்தில் முழு உருவில் நிற்கிறது.

இத்தாலிக்காரர்களின் பக்கமும் இதே கதைதான். ஃபியட் சி.ஆர்.42 என்பது கிளாடியேட்டரின் எதிராளி. ஏறக்குறைய 1,800 செய்தார்கள். 1940 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையைத் தாக்க வந்த ஒரு சி.ஆர்.42-இல் எண்ணெய்க் குழாய் பழுதானது. எஞ்சின் கொதித்தது. விமானி ஆர்ஃபோர்ட்னெஸ் கூழாங்கல் கரையில் இறக்கினார்; மூக்கு தரையில் குத்தி நின்றது. பிரிட்டிஷார் அதைச் செப்பனிட்டு ஓட்டிப் பார்த்து, எதிரியின் பலம் பலவீனம் தெரிந்துகொண்டு, பிறகு எடுத்து வைத்தார்கள். அந்த ஒரு குழாய் ஒழுங்காக இருந்திருந்தால், அந்த விமானமும் இன்று இருந்திருக்காது.

போலந்தின் கிராக்கோவ் நகர அருங்காட்சியகம் இன்னும் விசித்திரம். ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் பெர்லினில் வைத்திருந்த விமானச் சேகரிப்பு, நேச நாடுகளின் குண்டு வீச்சுக்குப் பயந்து கிழக்கே அனுப்பப்பட்டது. போர் முடிந்தபோது அந்த இடம் போலந்துக்குள் இருந்தது. 1918-இல் ஜெர்மானியரிடம் சிக்கிய ஒரு சாப்வித் கேமலும், ஜெர்மன் விமானி எர்ன்ஸ்ட் ஊடெட் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்து சாகசம் காட்டிய கர்டிஸ் ஹாக் பைபிளேனும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. பெர்லினிலேயே தங்கிய பலவற்றைக் குண்டுகள் தின்றுவிட்டன.

சரி, எலும்பு கிடைத்துவிட்டது. அதை எப்படி எழுப்புவது?

இங்கேதான் வேலை தெரிந்தவர்களின் பொறுமை. 1930-களில் ஹாக்கர் நிறுவனம் செய்த ஃப்யூரி என்ற போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1931-இல் டாங்மியர் தளத்தின் 43-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தபோது, மணிக்கு 200 மைலைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் படைப்பிரிவுப் போர் விமானம் அது. பார்க்க அத்தனை ஒயிலானது; நான் பார்த்த வரையில் அதைவிட அழகான பைபிளேன் கிடையாது, வாதாட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம். அதன் இறக்கைக்குள் ஓடும் முதன்மை உத்தரம் மரத்தால் ஆனதல்ல, சாதாரணக் குழாயும் அல்ல. மெல்லிய உயர்வலிமை எஃகுப் பட்டையை உருளைகளுக்கிடையே விட்டு, பல முனைகள் கொண்ட குழல்போல மடக்கி, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து, நடுவே நெளிவுத் தகட்டால் இணைத்திருப்பார்கள். ஒரு பட்டை முழு வடிவத்துக்கு வர, படிப்படியாகப் பல ஜோடி உருளைகளைக் கடக்க வேண்டும். அந்த உருளைகளை ஹாக்கர் என்றைக்கோ உடைத்துப் போட்டுவிட்டது. விமானம் வேண்டுமென்றால் முதலில் உத்தரம் வேண்டும். உத்தரம் வேண்டுமென்றால் அதைச் செய்யும் இயந்திரத்தை முதலில் செய்ய வேண்டும்.

இங்கிலாந்தின் ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் கை பிளாக் என்பவரின் பட்டறை அதைத்தான் செய்தது. அங்கே ஃப்யூரியின் கடற்படை வடிவமான நிம்ராட் முதலில் எழுந்தது. ஒன்று 2000-இலும் மற்றொன்று 2006-இலும் பறந்தன. பிறகு கே-5674 என்ற ஃப்யூரி. இதுவும் கைவிடப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்ததுதான். டாங்மியரில் பணி முடிந்து தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தரையில் மோதி, அங்கேயே கழிக்கப்பட்டது. கிடைத்த எச்சங்களிலிருந்து மீட்டெடுத்து 2012-இல் பறக்கவிட்டார்கள்.

துணி வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. இறக்கையின் எலும்புச் சட்டங்களின் மேல் லினன் துணியைப் போர்த்துவார்கள். மெழுகேற்றிய நூலால், நீண்ட ஊசி கொண்டு, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடைவெளி அளந்து வைத்தது. இஷ்டத்துக்குப் போட முடியாது. தையலின் மேல் துணிப்பட்டை ஒட்டி, டோப் என்ற பூச்சைப் பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி இறுகும். விரலால் சுண்டினால் 'டண்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் பிரித்துப் போட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

எஞ்சின் கிடைப்பது அதிர்ஷ்டம். கிளாடியேட்டருக்கு உள்ளே இருப்பது பிரிஸ்டல் மெர்க்குரி, ஒன்பது சிலிண்டர். இதே எஞ்சின் பிளென்ஹைம் குண்டு விமானத்திலும் இருந்தது. கனடா அதைப் போலிங்ப்ரோக் என்ற பெயரில் செய்தது. போர் முடிந்ததும் உபரிப் போலிங்ப்ரோக்குகளைப் புல்வெளி மாநிலங்களின் விவசாயிகள் சக்கரத்துக்காகவும் பெட்ரோலுக்காகவும் உதிரி இரும்புக்காகவும் வாங்கிப் போனார்கள். பாக்கி உடம்பு வயலோரம் கிடந்தது. கோதுமைக் காட்டில் கிடந்த அந்த உடம்புகள் பின்னாளில் மீட்பவர்களுக்குப் புதையல் ஆயின. ரஷ்யாவின் ஐ-153 என்ற இரட்டையடுக்குப் போர் விமானத்துக்கு இதைவிட நல்ல காலம். 1990-களில் டிம் வாலிஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ரஷ்யாவில் கிடந்த சிதைவுகளைத் திரட்டி, நோவோசிபிர்ஸ்க் நகரில் மூன்று ஐ-153-களையும், ஐ-16 என்ற ஒற்றை இறக்கைப் போர் விமானங்கள் ஆறையும் எழுப்பி, நியூசிலாந்தின் வனாகாவுக்குக் கொண்டுபோனார். ஐ-153-இன் எஞ்சினுடைய நேர் வாரிசு அன்டோனோவ் ஏ.என்.2 விமானத்தில் ஆயிரக்கணக்கில் ஓடியதால், எஞ்சினுக்காக அவர்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் தன் உபரி விமானங்களை ஆட்சிப் பகுதிகளுக்கு அன்பளிப்பாகத் தந்தது. இந்தியாவுக்கு வந்தவற்றில் டி.எச்.9 விமானங்கள் உண்டு. இது போர் விமானம் அல்ல, குண்டு விமானம். ஆனால் அதே காலம், அதே மரம், அதே துணி. அதன் பூமா எஞ்சின் நம்பி ஓட்ட முடியாதது என்று அன்றே திட்டு வாங்கியது. அவற்றில் சில பிக்கானீர் மகாராஜாவிடம் போயின. பல பத்தாண்டு கழித்து, 1990-களில், அரண்மனையின் யானைக் கொட்டாரத்தில் அம்பாரிகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் கிடந்தன. மரத்தைக் கரையான் அரித்திருந்தது. உலோகப் பாகங்கள் நின்றன. கை பிளாக்கின் ஆட்கள் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று டக்ஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது. மற்றொன்று, இ-8894, 2019 மே 13 அன்று மீண்டும் வானில் ஏறியது.

உடனே கேள்வி வரும். மரம் புதிது, துணி புதிது. இது பழைய விமானமா? அச்சும் சக்கரமும் மாற்றிய கோயில் தேரை நாம் புதுத் தேர் என்று சொல்வதில்லை. நானும் இதில் கறாராக இருக்க மாட்டேன். போர்க்காலத்திலேயே இந்த விமானங்களுக்கு இறக்கை மாற்றினார்கள், எஞ்சின் மாற்றினார்கள், துணியைப் பலமுறை உரித்துப் போர்த்தினார்கள். இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் விமானச் சேகரிப்பில் பறக்கும் எல்-8032 கிளாடியேட்டரே என்-5903 என்ற இன்னொன்றின் பாகங்களை வாங்கிப் பிழைத்தது. போருக்குப் பின் விவியன் பெல்லமி என்ற விமானி இரண்டையும் சொற்ப விலைக்கு வாங்கி, ஒன்றை வைத்து மற்றொன்றைப் பறக்கவிட்டார். கிளாஸ்டர் நிறுவனம் அதைத் திரும்ப வாங்கிச் சீர் செய்து 1960-இல் ஷட்டில்வொர்த்துக்குக் கொடுத்தது. பாகம் தந்த என்-5903-உம் வீணாகவில்லை. பின்னாளில் டக்ஸ்ஃபோர்டில் அதையும் பறக்கவைத்தார்கள்.

என் மனக்குறை வேறு. ஒரு பெயர்த்தகடும் நான்கு பொருத்துக் கட்டைகளும் கிடைத்தால் போதும், முழு விமானத்தையும் புதிதாகச் செய்து 'அசல்' என்று ஏலத்தில் விலை சொல்கிறார்கள். பறக்கட்டும், தாராளமாகப் பறக்கட்டும். எஞ்சின் சத்தம் கேட்காமல் இந்த விமானங்களைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் எது பழையது, எது நேற்றுச் செய்தது என்ற பட்டியலை விமானத்தோடு சேர்த்து வைக்கவேண்டும். நல்ல பட்டறைகள் வைக்கின்றன.

ஏரியிலிருந்து வந்த என்-5628-ஐ அருங்காட்சியகத்தார் மினுமினுக்க வைக்கவில்லை. வளைந்தது வளைந்தபடி, துருப்பிடித்தது துருப்பிடித்தபடி. அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. மால்டாவிலும் இப்படி ஒன்று இருக்கிறது. 1940 ஜூனில் இத்தாலி தாக்கியபோது தீவைக் காக்க, பெட்டிகளில் கிடந்த கடற்படை கிளாடியேட்டர்களைப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். மூன்றே மூன்று விமானங்கள் தீவைக் காத்தன என்பது பிற்பாடு கிளம்பிய கதை. ஃபெய்த், ஹோப், சாரிட்டி என்ற விவிலியப் பெயர்களும் பிற்பாடு வந்தவைதான். உண்மையில் மூன்றுக்கும் மேல் இருந்தன. ஒரே வேளையில் மூன்றுக்கு மேல் பறந்தது அரிது. என்-5520-க்குப் பிளென்ஹைமுக்கு உரிய மெர்க்குரியைப் பூட்டி ஓட்டினார்கள். 1943 செப்டம்பர் 3 அன்று மால்டாவின் பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதி கீத் பார்க் அதன் உடம்பை வலேட்டா அரண்மனைச் சதுக்கத்தில் மால்டா மக்களிடம் ஒப்படைத்தார். இறக்கை இல்லாத உடம்பு. இன்றும் செயின்ட் எல்மோ கோட்டையில் அப்படியே இருக்கிறது. புது இறக்கை செய்து மாட்ட வேண்டும் என்று கேட்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். 1943-இல் அந்த மக்கள் கையில் வாங்கியது இறக்கையில்லாத உடம்பைத்தான். இறக்கையோடு பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஷட்டில்வொர்த்தில் ஒன்று பறந்துகொண்டுதான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், ராஜஸ்தான் பக்கம் போனால் பிக்கானீரின் ஜுனாகர் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். யானைக் கொட்டாரத்து விமானங்களின் உடன்பிறப்பு ஒன்று அங்கே காட்சிக்கு இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் இப்போது கேட்கலாம்.