மண்ணைத் தோண்டும் நாய்க்குட்டியும் முன்வாசல் பாத்தியும்

[காட்சி: தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டின் முன்புறம். மதில் சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மூன்றடி அகலப் பாத்தி. வேரோடு சாய்ந்து கிடக்கும் ஒரு கத்திரிச் செடி.]

வணக்கம். திரையில் தெரிவது எங்கள் வீட்டுப் பாத்தி. செடியைப் பிடுங்கியவர், பின்னால் மூக்கு நுனியில் மண்ணோடு நிற்கும் ஐந்து மாதக் குட்டி மணி. அந்தக் குழியைச் சற்று உற்றுப் பாருங்கள். முந்தைய நாள் மாலை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நான் ஊற்றிய செடியை மட்டுமே அது தோண்டியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி நிற்கும் அடுத்த செடியின் இலையைக்கூடத் தொடவில்லை. விருந்துக்கு அழைத்தது நான்தான்.

புண்ணாக்கு, மீன் அமிலம், எலும்புத்தூள் ஆகிய மூன்றும் நாயின் மூக்குக்குச் சாப்பாட்டு வாசனைதான். ஆகையால் உரம் இட்டதும் மேலே இரண்டு விரற்கடை மண் போட்டு மூடி, நான்கைந்து நாட்களுக்குக் குட்டியைப் பாத்திப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

வெயிலும் இன்னொரு காரணம். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் சிமெண்ட் தரை கொதிக்கும்போது, நாம் தண்ணீர் ஊற்றிய பாத்திதான் அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடம். நிழலில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து, பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தால், பாதித் தோண்டல் அங்கேயே நின்றுவிடும்.

[காட்சி: கோழி வலையை வெட்டி, பாத்தி மண்ணின் மேல் படுக்க வைக்கும் கைகள்.]

வேலி என்றதும் உயரமாகக் கட்டத் தோன்றும். ஆனால் குட்டி பெரும்பாலும் அடிவழியாகத்தான் நுழையும். அதனால் இரண்டடி வலையை நிறுத்தி, அதன் அடிப்பகுதியில் இன்னும் அரையடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும். செடிகளுக்கு இடையே உள்ள மண்ணின் மேலும் வலையைப் படுக்க வைத்து, மெல்லிய மண்ணால் மூடிவிட்டால், நகம் கம்பியில் மாட்டுவது பிடிக்காமல் குட்டி விலகிவிடும். வெட்டிய நுனிகளை உள்ளே மடிக்க மறக்காதீர்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்றில் இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடித்து, பாதத்தைக் கிழிக்கும் அளவுக்கு முள்ளாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பூசிய வலையே இங்கே உழைக்கும்.

மிளகாய்த்தூள் தூவுங்கள், பாச்சை உருண்டை போடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். பாச்சை உருண்டையைத் தின்றால் நாய்க்கு நஞ்சு. அதைவிடவும் கவனிக்க வேண்டியது ஆமணக்குப் புண்ணாக்கு. அதில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு எஞ்சியிருக்கலாம். வாசனைக்கு மயங்கிக் குட்டி அள்ளித் தின்றுவிடும். நத்தையைக் கொல்லப் போடும் குருணையும் அப்படித்தான். மதிலோர அரளியில் இலை முதல் வேர் வரை எல்லாமே நஞ்சு. பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்கு முதல் ஏழு மாத வயதில் குட்டி எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால், அதுவரையிலாவது அரளி அதற்கு எட்டக் கூடாது. தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கிறதா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

[காட்சி: மூலையில் பழைய லாரி டயர், உள்ளே செம்மண்.]

தோண்டுவதை அடியோடு நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். இந்த டயருக்குள் மணியின் பந்தைப் பாதி புதைத்து வைத்தேன். அது பாத்தியில் கால் வைக்கும் அந்த நொடியிலேயே பெயர் சொல்லி அழைத்து, டயருக்குக் கூட்டிவந்து, தோண்டியதும் ஒரு துண்டு வேகவைத்த முட்டை கொடுத்தேன். செடி சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத் திட்டினால், எதற்குத் திட்டு என்று அதற்கு விளங்காது; நம்மைக் கண்டு ஒதுங்க மட்டுமே பழகும்.

மூன்றாவது வாரம் இது. சாய்ந்த இடத்தில் புது நாற்று நட்டிருக்கிறேன். மணி இப்போது டயரில் கழுத்து வரை மண்ணுக்குள் இருக்கிறது. என் செருப்பு ஒன்றும் அதே டயருக்குள் கிடைத்தது.