மரணப் பதிவில் காணாமல் போகும் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையில் உள்ள நம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒரு துக்க வீட்டில் போய் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டால், "நெஞ்சுவலி வந்துச்சு" என்பார்கள். "கிட்னி போயிருச்சு" என்பார்கள். "கால்ல புண்ணு, புரையோடிப் போச்சு" என்பார்கள். சுகர் இருந்ததா என்று தனியாகக் கேட்டால்தான், "அது கெடக்குது, பதினஞ்சு வருசமா" என்று பதில் வரும். பேச்சிலாவது இப்படிக் கேட்டால் வருகிற சர்க்கரை, மரணப் பதிவில் பல சமயம் வருவதே இல்லை. உடல் பருமன் அதைவிட மோசம், அதை எழுதுவோர் மிகக் குறைவு.

எவ்வளவு மறைகிறது என்று பார்க்க, பதிவு ஓரளவு ஒழுங்காக நடக்கும் நாட்டைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு, மரணத்துக்கு அடிப்படைக் காரணம் சர்க்கரை நோய் என்று பதிவானவை சுமார் 1,03,000. ஆனால் மரணக் காரணம் எழுதும் மருத்துவச் சான்றிதழின் ஏதாவது ஒரு வரியில் சர்க்கரை இடம்பெற்ற மரணங்கள் சுமார் 3,99,000, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முதல் எண்ணை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் முக்கால் பங்கு கண்ணில் படாது.

நம் பக்கம் நோய் எவ்வளவு என்பது ஓரளவு தெரியும். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தேசியக் குடும்ப நல ஆய்வில் அதிக எடையுள்ள பெண்கள் கேரளத்தில் 2015-16இல் 32.4 சதவீதம், 2019-21இல் 38.1. தமிழ்நாட்டில் அதே இடைவெளியில் 30.9லிருந்து 40.4. ஐந்தே வருடத்தில் இது பெரிய ஏற்றம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் நிலைமை ஒன்றுதான்.

இது மரணக் கணக்கில் ஏன் தெரிவதில்லை? ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் மருத்துவர் படிவம் 4 எழுதுகிறார். வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவர் எழுதுவது படிவம் 4ஏ. அதில் முதல் பகுதியில் வரிவரியாக ஒரு சங்கிலி இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். மேல் வரியில் ரத்தத்தில் கிருமித் தொற்று, 3 நாள். அடுத்த வரியில் கால் அழுகல், 4 வாரம். அதற்கும் கீழே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், 16 வருடம். இரண்டாம் பகுதியில் உடல் பருமன், ரத்த அழுத்தம். சங்கிலி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் கீழ் வரியைத்தான் அடிப்படைக் காரணமாக எடுப்பார்கள், அது சர்க்கரைக் கணக்கில் சேரும். அதே நோயாளிக்கு, அவசரத்தில், "இதயமும் சுவாசமும் நின்றது" என்று ஒரே வரி எழுதினால்? யாருக்குத்தான் இறக்கும்போது இதயம் நிற்காது? அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

தவறு முழுக்க மருத்துவர் மேல் இல்லை. நள்ளிரவில் கொண்டு வருகிறார்கள், பழைய சீட்டு கையில் இல்லை, பணி மருத்துவருக்கு நோயாளியின் 16 வருடம் எப்படித் தெரியும்? வீட்டார் தரும் தகவலுக்கான படிவம் 2இல் புகை, புகையிலை, பாக்கு, மது எத்தனை வருடம் என்று கேள்வி உண்டு. சர்க்கரைக்கும் எடைக்கும் அப்படிக் கேள்வி கிடையாது. ஆகவே நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

சிலர் வேண்டுமென்றே சொல்வதில்லை. "சுகர்னு எழுதினா எல்.ஐ.சி. பணம் வராது" என்ற பயம். இதை உடைத்துச் சொல்ல வேண்டும். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, ஆயுள் காப்பீட்டு பாலிசி தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டால், பழைய நோயை மறைத்தார் என்று கூறி அதைக் கேள்வி கேட்க முடியாது. நடுவில் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் அந்த மூன்று வருடம் புதுப்பித்த தேதியிலிருந்து எண்ணப்படும், அதைக் கவனியுங்கள். பஞ்சாயத்து தரும் மரணச் சான்றிதழில் காரணம் அச்சாவதும் இல்லை.

இன்னொன்று, எண்ணிக்கை ஏறினால் உடனே நோய் முற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயது தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டில் 8.6. முதியோர் அதிகமுள்ள ஊரில் மரணமும் அதிகம் இருக்கும். வயதைச் சரிக்கட்டி ஒப்பிட வேண்டும். என் கவலையெல்லாம் 45 முதல் 59 வரை உள்ளவர்கள். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் வயது அது.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிய வேலை. ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள்: சர்க்கரை கண்டுபிடித்த வருடம், கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, ரத்த அழுத்தம், எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, மருந்துப் பெயர்கள். சுற்றளவைத் தொப்புளை வைத்து அளக்க வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், தையல்கார நாடாவைச் சதை அழுந்தாமல் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் ஆபத்து. இந்த உறையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே கொடுங்கள். மரணத்துக்குப் பிறகு கொடுத்தால் படிவம் ஏற்கெனவே போயிருக்கும்.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்க்காரர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு கோயம்புத்தூரில்தான், ஏனென்றால் இறந்த இடத்தில்தான் பதிவு செய்வார்கள். வழியில் ஆம்புலன்ஸில் உயிர் பிரிந்தால் வண்டி முதலில் நிற்கும் இடம். 21 நாளுக்குள் கட்டணமில்லை. படிவத்தில் இறந்தவரின் வசிப்பிடம் என்று ஒரு வரி இருக்கும். சான்றிதழ் வாங்க வசதி என்று அங்கே கோயம்புத்தூர் உக்கடத்துச் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அந்த மரணம் நம் ஊர்க்காரருடையது என்று தெரியாமலே போகும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, உங்கள் பஞ்சாயத்துப் பெயர், இந்த மூன்றையும் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.