கறுக்காத குரோமோசோமில் என்ன இருக்கிறது?

வணக்கம். மைக்ராஸ்கோப்பை கேமராவோடு இணைத்திருக்கிறேன், திரையில் தெரிகிறதா? மஞ்சள் பின்னணியில் சின்னச் சின்னக் குச்சிகளாகச் சிதறிக் கிடப்பவை சாதாக் கெண்டை மீனின் குரோமோசோம்கள். ஒரு செல்லில் 100. இவற்றில் ஒரே ஒரு குச்சியின் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறது பாருங்கள். இன்று பேசப்போவது அந்தப் பொட்டைப் பற்றி.

செல்லுக்குள் புரதம் கட்டுவது ரைபோசோம். அதன் பெரும்பகுதி ரைபோசோம் ஆர்என்ஏ. ஒரு செல்லுக்கு லட்சக்கணக்கில் ரைபோசோம் வேண்டும், அதற்கு அந்த ஆர்என்ஏவைச் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி எப்படிப் போதும்? அதனால் நூற்றுக்கணக்கான பிரதிகள் ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அந்த வரிசை இருக்கிற இடத்தில்தான் நியூக்ளியோலஸ், அதாவது உட்கருவுக்குள் ரைபோசோம் தயாராகிற சின்ன உருண்டை, உருவாகிறது.

வரிசை எந்தக் குரோமோசோமில் நிற்கிறது என்று பார்க்க மலிவான வழி வெள்ளிச் சாயம். ஃபார்மிக் அமிலம் கலந்த ஜெலட்டின் கரைசல், 50 சதவீத சில்வர் நைட்ரேட், 70 டிகிரி சூடு, இரண்டு நிமிடம். ஹோவெல், பிளாக் இருவரும் 1980இல் தந்த முறை. ஸ்லைடு பொன்னிறத்துக்கு வந்ததும் கழுவிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால்கூட எல்லா இடத்திலும் கறுப்புத் தூள் படிந்து, எது பொட்டு எது அழுக்கு என்றே தெரியாது.

முதுகலைப் படிப்பின் திட்ட வேலையில் நான் செய்தது இதைத்தான். பல செல்களில் ஒரு பொட்டுதான் வந்தது. ஜோடியில் ஒன்றில் மட்டும்தான் இந்த மரபணு இருக்கிறது என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வழிகாட்டி அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: “அங்கே இல்லையா, இருந்தும் வேலை செய்யவில்லையா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை விடவில்லை.

ஏனென்றால் வெள்ளி டிஎன்ஏவில் ஒட்டுவதில்லை. மரபணு வேலை செய்தபோது அதன்மேல் வந்து உட்கார்ந்த புரதங்களில் ஒட்டுகிறது. செல் பிரிவதற்கு முன்னால் உழைத்த வரிசை கறுக்கும், ஓய்ந்து கிடந்தது கறுக்காது. மனிதரில் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஜோடிகளில் இந்த வரிசை இருக்கிறது, ஆக பத்து இடங்கள். வெள்ளிச் சாயத்தில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவாகவே தெரியும். 1970களில் மனித செல்லையும் எலி செல்லையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். மனிதக் குரோமோசோம்கள் படிப்படியாகத் தொலைந்துபோகிற கலப்பு செல்களில், மிச்சம் இருந்த மனித இடங்கள் கறுக்கவே இல்லை. எலியின் இடங்கள் மட்டும் கறுத்தன. மரபணு உள்ளேதான் இருந்தது, வாய் திறக்கவில்லை.

சரி, நிஜமாகவே மரபணு இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அதற்கு ஆப்பிரிக்க நகத் தவளை. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில், செல்லுக்கு இரண்டு நியூக்ளியோலஸ் இருக்க வேண்டிய தவளைகளுக்குள் ஒன்று மட்டுமே உள்ள ஒரு வகையைக் கண்டார்கள். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் குஞ்சுகளில் கால்வாசிக்கு நியூக்ளியோலஸே கிடையாது. அவை முட்டையை விட்டு வெளியே வரும், கொஞ்சம் நீந்தும், அப்புறம் செத்துப்போகும். தாய் முட்டையில் வைத்துவிட்ட ரைபோசோம் தீரும்வரைதான் உயிர். அவை புதிதாக ரைபோசோம் ஆர்என்ஏ செய்யவே இல்லை என்று 1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மரபணு வரிசையே அங்கே இல்லை என்று தெரிந்தது. இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தக் குஞ்சுகள்தான் கண்முன் வருகின்றன.

மரபணுவை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் வழியும் இதே தவளையில்தான் வந்தது. 1969இல் ஜோசப் காலும் மேரி லூ பார்டுவும் கதிரியக்கம் ஏற்றிய ரைபோசோம் ஆர்என்ஏவை ஸ்லைடில் இருந்த டிஎன்ஏவோடு ஒட்டவைத்தார்கள். இன்று கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் சாயம், முறையின் பெயர் ஃபிஷ் (FISH, fluorescence in situ hybridization என்பதன் சுருக்கம்). மீனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இந்த மரபணுவின் வரிசை விலங்குகளுக்குள் அதிகம் மாறாததால் ஓர் இனத்தின் துண்டு இன்னோர் இனத்திலும் ஒட்டும். பழ ஈயில் எக்ஸ், ஒய் இரண்டிலும் ஒளிரும். 78 குரோமோசோம் உள்ள கோழியில், தூசி அளவு இருக்கிற 16ஆம் ஜோடியில் மட்டும் ஒளிரும்.

ஆய்வேடு எழுதுகிற தம்பி தங்கைகளே, வெள்ளி மட்டும் போட்டிருந்தால் “செயல்பட்ட இடங்கள்” என்று எழுதுங்கள். “மரபணு உள்ள இடங்கள்” என்று எழுதாதீர்கள்.

முதலில் காட்டிய செல்லுக்கு வருகிறேன். படம் எடுத்துக்கொண்டு, வெள்ளியை நீக்கி, அதே ஸ்லைடில் ஃபிஷ் செய்தேன். இதோ. கறுத்த நுனி பச்சையாக ஒளிர்கிறது. கீழே இடப்பக்கம் பாருங்கள், முன்பு வெறுமையாக இருந்த குச்சி. அதன் நுனியிலும் பச்சை. கொஞ்சம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது.