கண்டி மேசையா, கொல்கத்தா மாளிகையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கோபாலகிருஷ்ண காந்தியின் பொதுவாழ்வில் ஓங்கி நிற்பவர் அதிகாரியா, ஆளுநரா என்பது இன்றைய கேள்வி. நான் அதிகாரியின் பக்கம். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து தமிழ்நாட்டில் பணியாற்றியவர், 1978 முதல் 1982 வரை கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் முதற் செயலாளராக இருந்தார். 2000இல் இதே கொழும்புக்கு உயர்ஸ்தானிகராக வந்தார். 2004 முதல் 2009 வரை மேற்கு வங்க ஆளுநராக இருந்தார்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கண்டியில் இருந்தவர் முத்திரை குத்தினார், கொல்கத்தாவில் இருந்தவர் வரலாற்றில் நின்றார்" என்றார். சபையும் கைதட்டியது. என் நேரம் முழுவதும் போனாலும் சரி, அந்த முத்திரைக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1964ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கு ஆட்களாக மாறி, இந்தியக் கடவுச்சீட்டுக்காக வரிசையில் வந்து நின்ற இடம் கண்டி.

அந்த வரிசையில் 1980இல் என் அப்பாயியும் நின்றார். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, படம் பிடிப்பவர் "நெற்றியைத் துடைத்துவிட்டு உட்காருங்கள்" என்றாராம். அப்பாயி முந்தானையால் துடைத்தார். "இன்னும் இருக்கிறதே" என்றாராம். மறுபடி துடைத்தார். மூன்றாம் முறை அவரே அருகில் வந்து பார்த்த பிறகுதான், அது அழுக்கு அல்ல, கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுத்திய தடம் என்று தெரிந்ததாம். நண்பரே, அந்த நெற்றியுள்ள படத்தின் மேல் விழுந்த முத்திரையைத்தான் நீங்கள் இளக்காரமாகச் சொன்னீர்கள். பெரியப்பாவுக்கும் அப்பாயிக்கும் இந்தியா. என் அப்பாவுக்கு இலங்கை. தோட்டத்து வரிசை வீட்டின் ஒரே அறையை, ஒரு லயக் காம்பராவை, இரண்டு நாடாக்கிய முத்திரை அது.

ஆளுநரோ, அரசியலமைப்பின் 163ஆம் பிரிவின்படி பெரும்பாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். 2007 மார்ச்சில் நந்திகிராமில் பொலிஸ் சுட்டுப் பதினான்கு பேர் இறந்தபோது, மனம் உறைந்து போனதாக வெளிப்படையாக அறிக்கை விட்டார் கோபாலகிருஷ்ண காந்தி. மறுவருடம், மின்வெட்டில் தவித்த மக்களோடு சேர்ந்து, தம் மாளிகை விளக்குகளையும் தினமும் சில மணி நேரம் அணைக்கச் சொன்னார். அந்த மனம் மாளிகையில் முளைத்ததா? மலையகத் தோட்ட வாழ்வை வைத்து அவர் ஒரு நாவலே எழுதினார் என்றால், கண்டி வரிசை அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

நடுவர் அவர்களே, அப்பாயியை ஏற்றிச் சென்ற இரயிலை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கோச்சி அசைந்த பிறகும் அப்பாவின் கையை அவர் விடவில்லையாம். நடைமேடை முடியும் வரை அப்பா கூடவே ஓடினாராம். போர் மூண்ட பின், இந்தியாவுக்குப் போய்வந்த தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. நீலகிரியின் கோத்தகிரியில் அப்பாயி இறந்த செய்தி தந்தியில் வந்தபோது, அப்பாவால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை.

கடவுச்சீட்டுக்காக எடுத்த படங்களில் மிஞ்சிய ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் முத்திரை இல்லை. நெற்றியில் அந்தக் கயிற்றின் தடம் இருக்கிறது.