கத்தரிக்காய்ப் பசு

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை நிமித்தமாக ஜப்பானில், டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா என்ற மாகாணத்தில் மூன்று வருஷம் குடியிருந்தேன். முதல் வருஷம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி காலை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளரிக்காயையும் ஒரு கத்தரிக்காயையும் கையில் கொடுத்தார். சமைக்க அல்ல. சாப்பிடும் குச்சியை நாலு துண்டாக ஒடித்து வெள்ளரிக்காயின் அடியில் குத்தச் சொன்னார். குத்தினேன், நின்றது. கத்தரிக்காய்க்கும் அதேபோல நாலு கால். அது குண்டு. இரண்டு தடவை சாய்ந்து விழுந்தது. காலை நன்றாக அகட்டிக் குத்திய பிறகுதான் நின்றது.

"இது குதிரை. இது பசு," என்றார் பாட்டி.

ஓபோன் என்று அந்த நாட்களுக்குப் பெயர். டோக்கியோவில் பல வீடுகளில் ஜூலையில் வரும், நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் நடுவில். 13-ஆம் தேதி சாயங்காலம் வாசலில் சின்னதாகத் தீ மூட்டி, இறந்துபோனவர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். 16-ஆம் தேதி மறுபடி தீ மூட்டி வழியனுப்புவார்கள். கியோட்டோ நகரத்தில் அன்று இரவு சுற்றிலும் ஐந்து மலைகளில் பெரிய எழுத்தும் உருவமுமாகத் தீ எரியும். பசிப்பேயாகப் பிறந்து வாடிய தன் தாயைப் புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் மீட்ட கதையைச் சொல்லும் சூத்திரம்தான் இதற்கெல்லாம் ஆதாரம்.

குதிரை, வருகிறவர்களுக்கு. வழிபார்த்து உட்கார்ந்திருக்கிறோம், சீக்கிரம் வந்து சேரட்டும் என்று. பசு, போகிறவர்களுக்கு. என்ன அவசரம், அசைந்து அசைந்து மெதுவாகப் போகட்டும் என்று.

ஜப்பானியப் படக்கதைகளை, அதாவது மாங்காவை, நான் அதற்கு முன்பே படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வகைக் கதை மட்டும் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. அந்தப் பசு காலை அகட்டி நின்றபோதுதான் பிடிபட்டது.

கதை இப்படிப் போகும். உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன். சின்ன வயதில் அவனோடு சேர்ந்து மண்ணில் புரண்டு விளையாடிய பெண் ஒருத்தி, இறந்துவிட்டவள். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தால், அவன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கிறாள். நெற்றியில் வெள்ளை முக்கோணத் துணி கட்டியிருந்தால் ஜப்பானிய வாசகருக்குச் சட்டென்று புரிந்துவிடும்: பிணத்துக்கு அங்கே கட்டும் துணி அது. அதைக் கட்டிக்கொண்டே அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னமும் நீ அறையைப் பெருக்குவதே இல்லையா?" வகுப்பில் அவளுக்குப் பதில் சொல்லப்போய் சுவரோடு பேசுகிறவன் என்று பெயர் வாங்குகிறான். பரீட்சையில் பக்கத்துப் பையன் எழுதியதைப் பார்த்து வந்து அவள் சொல்ல, அதை எழுதவும் மனமில்லாமல், காதில் விழாத மாதிரி இருக்கவும் முடியாமல் தவிக்கிறான். அவன் வேறொரு பெண்ணோடு குடையைப் பகிர்ந்துகொண்டு வந்தால், அன்று ராத்திரி அறை விளக்கு தானாக அணைந்து அணைந்து எரிகிறது.

இப்படிப்பட்ட ஒன்றை நான் ஊருக்கு வந்திருந்தபோது என் அத்தைக்குப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், பாதியில் நிறுத்தி, "செத்த பிள்ளையை வைத்தா சிரிக்கிறாங்க?" என்றார். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதிலில்லை.

இந்தக் கதைகளுக்குள் இரண்டு ஜப்பானியச் சொற்கள் வேலை செய்கின்றன. ஒன்று மிரென். விட்டுப்போக மனம் வராத பற்று, தீராமல் நின்றுபோன ஆசை. அது இருக்கிற வரைக்கும் உயிர் இங்கேயே நிற்கும். இன்னொன்று ஜோபுட்சு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் புத்தராவது என்று அர்த்தம். ஆசை தீர்ந்து, ஆவி அடங்கி, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அவளுடைய தீராத ஆசை அவன்தான். அவன் அவளைத் திரும்ப நேசித்து, அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டால், ஆசை தீர்ந்தது. தீர்ந்த நிமிஷம் அவள் மறைந்துவிடுவாள். மற்றக் காதல் கதைகளில் "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்ற சொல்லுக்காகப் பக்கங்கள் காத்திருக்கும். இங்கே அந்தச் சொல் வந்துவிடக் கூடாதே என்று வாசகர் காத்திருக்கிறார்.

அதனால்தான் இத்தனை வேடிக்கை. அவன் சொல்ல வாயெடுக்கும்போது தும்மல் வருகிறது. அம்மா கதவைத் தட்டுகிறாள். பூனை குறுக்கே ஓடுகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் இப்படித் தள்ளிப்போகிற ஒவ்வொரு சிரிப்பும் அவள் இங்கே இருக்க இன்னும் ஒரு நாள். எழுதுகிறவரும் வரைகிறவரும் அவளுக்குக் கத்தரிக்காயில் கால் குத்திக் கொடுக்கிறார்கள், மெதுவாகப் போகட்டும் என்று. என் அத்தைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாணவன் என்பதும் சும்மா வைத்ததல்ல. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்று வருஷம். ஏப்ரலில் சேர்ந்து, மூன்றாம் வருஷம் மார்ச்சில் பட்டமளிப்பு, அதோடு பிரிவு. அவள் சீருடை மாறாது. அவன் வகுப்பு மாறிக்கொண்டே இருக்கும். பேய்க்குக் காலம் ஓடுவதில்லை, பையனுக்கு ஓடுகிறது.

பேயைக் காதலிப்பது அந்த ஊரில் எப்போதும் இப்படிச் சிரிப்பாக இருந்ததில்லை. 'பியோனி விளக்கு' என்றொரு பழைய கதை. சீனாவில் 14-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, 1666-இல் ஜப்பானிய உருவம் பெற்றது. கதைசொல்லி சன்யூதெய் என்ச்சோ மேடையில் சொன்னதைச் சுருக்கெழுத்தில் பிடித்து 1884-இல் புத்தகமாகப் போட்டார்கள். அதிலும் ஓபோன் இரவுதான். ஓத்சுயு என்ற பெண்ணின் ஆவி, தோழி பூ விளக்கேந்தி முன்னே வர, மரச்செருப்பு கரன் கொரோன் என்று ஒலிக்க, காதலன் வீட்டுக்கு இரவிரவாக வருகிறது. மருயாமா ஓக்யோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் காலத்திலிருந்து ஜப்பானியப் பேய்களைக் காலில்லாமல் வரைவதுதான் பழக்கம். கால் தரையில் பாவாது என்று நாமும் சொல்கிறோமே, அந்த மாதிரி. காலே இல்லாத இனத்தில் செருப்புச் சத்தத்தோடு வருகிறவள் இவள். கேட்கும்போது இன்னமும் எனக்கு முதுகு சில்லிடும். கடைசியில் அவன் செத்துக் கிடக்கிறான். பேயைத் தொட்டவன் உயிரோடு மிஞ்சுவதில்லை என்பது அந்தக் காலத்து விதி.

அந்த விதியை உடைத்தது எது? அவள் சின்ன வயதுத் தோழி என்பது. புதிதாகப் பார்த்து மயங்கியவளிடம்தான் பயம் வரும். முட்டி சிராய்த்து ஓவென்று அழுததை நீங்கள் பார்த்திருக்கிற ஒருத்தியிடம் என்ன பயம்?

இந்த உறவுக்கு ஜப்பானிய மொழியில் தனியாக ஒரு சொல் உண்டு. ஒஸனனஜிமி. பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகிப்போனவர். இதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட வேர் இருக்கிறது. இசே மோனோகதாரி என்ற பழைய நூலின் 23-ஆம் பகுதியில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கிணற்றடியில் விளையாடுவார்கள். கிணற்றுச் சுவரோடு உயரம் பார்த்துக்கொள்வார்கள். வளர்ந்ததும் வெட்கம் வந்து ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். பிறகு அவன் ஒரு பாட்டு எழுதி அனுப்புகிறான்: உன்னைப் பார்க்காத இந்த நாளில் என் உயரம் கிணற்றுச் சுவரைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. "வளர்ந்துவிட்டேன், கட்டிக்கொள்ளலாமா" என்பதை இதைவிட நாசூக்காக யார் கேட்பது! அவர்கள் மணந்துகொள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஹிகுச்சி இச்சியோ தன் கதைக்கு வைத்த 'உயரம் பார்த்தல்' என்ற தலைப்பும் இந்தக் கிணற்றடியிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கிணற்றுச் சுவரில் இறந்த பிள்ளையின் உயரம் அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு பிள்ளை மட்டும் வளர்கிறது. மாங்காக்காரர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது இங்கேதான்: பேய் வளருமா, வளராதா? வளரவில்லை என்றால் அவனுக்கு அவள் தங்கை மாதிரிதான் ஆகமுடியும். காதல் வேண்டுமென்றால் அவள் செத்த பிறகும் வளர்ந்தாக வேண்டும். எங்கோ ஓரிடத்தில், யாருக்கும் தெரியாமல், அவனோடு கூடவே விரற்கடை விரற்கடையாக. இந்த நினைப்புதான் இந்தக் கதைகளில் என்னை உலுக்குவது.

ஆளை மாற்றிப் போட்டும் சொல்லியிருக்கிறார்கள். 1990 முதல் 1994 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் யோஷிஹிரோ டோகாஷி எழுதி வரைந்த 'யூ யூ ஹகுஷோ'வில் பேய் ஆனது பையன். பள்ளிக்கு மட்டம் போடும் 14 வயது யூசுகே, காருக்குக் குறுக்கே போன குழந்தையைக் காப்பாற்றப்போய்ச் சாகிறான். நீ வராவிட்டாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும், உன்னை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை என்கிறது மேலுலகம்! அவனுடைய குடும்பப் பெயர் உராமெஷி. ஜப்பானியக் காதுக்கு அது கதைப் பேய்கள் இழுத்துச் சொல்லும் 'உராமெஷியா' என்ற புலம்பலாகவே கேட்கும். கெய்கோ அவனுடைய ஒஸனனஜிமி, நன்றாகப் படிக்கிற பெண். அவன் உடலை வைத்திருந்த வீடு தீப்பிடித்தபோது உள்ளே பாய்கிறாள். அவளைக் காப்பாற்ற, தான் உயிர்த்தெழத் தேவையான மாய முட்டையையே நெருப்பில் எறிகிறான் அவன். அவன் உயிர் திரும்புவதற்கு விதித்த கெடு முடியும் தறுவாயில் அவள் கொடுக்கும் முத்தம்தான் அவனை எழுப்புகிறது. பிறகு அது பெரிய சண்டைக் கதையாகிப் புகழ் பெற்றது. எனக்கென்னவோ, தன் துக்க வீட்டுக்கே வந்து நின்று, கெய்கோ அழுவதைப் பார்த்து வாயடைத்துப்போகிற அந்த ஆரம்பப் பக்கங்களைவிட அதில் உயர்ந்தது இல்லை.

நான் இருந்த மாகாணத்திலேயே மலைப்பக்கம் சிச்சிபு என்ற ஊர். 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை பதினோரு பகுதியாகத் தொலைக்காட்சியில் வந்து, பிறகு மாங்காவாகவும் ஆன 'அனோஹனா'வின் களம் அது. எழுதிய மாரி ஒகாடா அந்த ஊர்க்காரர். சிறுவயதில் பல காலம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தவர். கதையின் ஜிந்தாவும் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறான். அவனிடம்தான் மென்மா வருகிறாள், சின்னப் பிள்ளையாகச் செத்தவள் வளர்ந்த பெண்ணாக. மேலே வந்து விழுந்தால் கனக்கிறாள். மாவு பிசைந்து வேகவைத்த ரொட்டி செய்கிறாள். அவளைப் பார்க்க முடியாத நண்பர்கள் அதைத் தின்கிறார்கள்.

ஆசை ஒன்று இருக்கிறது, என்னவென்று நினைவில்லை என்கிறாள். ராக்கெட் வாணம் விடுவதாயிருக்கும் என்று நண்பர்கள் கூடி உழைக்கிறார்கள். சிச்சிபுவில் இது கற்பனையல்ல. யோஷிதா பகுதியில் முகு கோயில் திருவிழாவுக்கு அக்டோபர் இரண்டாம் ஞாயிறு ஊர்க்காரர்களே பைன் மரத்தைக் குடைந்து, மூங்கில் வளையம் இறுக்கி, கரிமருந்து இடித்து நிரப்பி, நீள மூங்கிலை வாலாகக் கட்டி வானத்தில் ஏற்றுகிறார்கள். 'ர்யூசெய்' என்று அதற்குப் பெயர். கதையில் ராக்கெட் சீறி மேலே போகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் அங்கேயே நிற்கிறாள், போகவில்லை. அவளை அனுப்பிவைக்க அவரவருக்கும் ஒரு சொந்தக் காரணம் இருந்ததை ஒருவர் முகத்தில் ஒருவர் பார்த்துவிடுகிற இடம் அது. பல தடவை பார்த்துவிட்டேன், அந்த இடம் வந்தால் எழுந்துபோய்விடத் தோன்றும்.

ஒஸனனஜிமி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாயில். பூஜை மாடத்தில் இருந்த கணவர் படத்தைக் காட்டி, "இவர் எனக்கு ஒஸனனஜிமி. ஒரே தெரு. ஏழு வயதில் மூக்கொழுகிக்கொண்டே என் பின்னால் வருவார்," என்றார். படத்துக்கு முன்னால் பீர் ஊற்றிவைத்துவிட்டு அதனிடமே பேசினார். "இந்தத் தடவையாவது மூக்கைச் சிந்திவிட்டு வந்தாயா? வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டாயா?" நான் பக்கத்தில் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மூன்று நாளும் வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

16-ஆம் தேதி சாயங்காலம் மாடத்திலிருந்த பசுவின் முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். வாடிச் சுருங்கியிருந்த கத்தரிக்காய், திருப்பியதும் ஒரு கால் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. எடுத்து நிறுத்த எனக்குக் கை போயிற்று.

"இருக்கட்டும்," என்றார் பாட்டி. "இன்னும் இருட்டவில்லையே."